ஒன்பதாம் கதவின் சைரன்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது ஐந்து. மிருதுளா பையிலிருந்து டிபன் பாக்ஸைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் திரையில் ஒரு வாழ்த்துச் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது.

'உங்கள் நிலுவைப் பட்டியலில் 214 வாரங்களாக இருந்துவந்த "ஒன்பதாம் கதவு சைரன் பழுது" என்னும் பணி முடித்துவைக்கப்பட்டது. வாழ்த்துகள்.'

யார் முடித்தது? எப்போது? அவள் எழுந்து போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கடல் ஏற ஏற ஏரிக்குள் உப்புத் தண்ணீர் புகுந்துவிடாமல் முகத்துவாரத்தில் கட்டிய பதினொரு இரும்புக் கதவுகளும், அவற்றின் தலைக்கு மேலே ஓடும் பாலமும் வெயிலில் மினுங்கின. ஒன்பதாம் கதவுக்கு மேலே இருந்த சைரன் கூம்பு நேற்று இருந்தபடியேதான் இருந்தது. துரு, அதன்மேல் எச்சம், உள்ளே காக்கைக் கூடு. போன வாரம் வைத்த குச்சிகூட அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

மிருதுளா தலையில் அடித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

கடற்காப்பு வாரியத்தின் கண்காணிப்புப் பொறியாளர் பிரணவ் சார், ஓய்வுபெற ஏழு மாதம் இருக்கிற மனிதர். எந்தப் போனையும் எட்டாவது மணிக்குத்தான் எடுப்பார்.

"சார், ஒன்பதாம் கதவு சைரனை மாத்தியாச்சா?"

"மாத்தலையேம்மா. யாரு மாத்துவா? அதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல."

"அப்புறம் எப்படி சார் முடிஞ்சதுன்னு வருது?"

"மாப்பிள்ளை முடிச்சிருப்பாரு."

மாப்பிள்ளை என்பது கதவுகளை நடத்தும் கணினிக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர். அது ஒன்று சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் மறுத்துப் பேச முடியாது. அதற்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் ஓடி ஓடிக் கவனிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அது பதவியேற்றபோது, கட்டுப்பாட்டு அறையில் இருந்த பொத்தான்களையும் நெம்புகோல்களையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மனிதர்கள் அவசரத்தில் தப்பாக அமுக்கிவிடுகிறார்களாம். இனிமேல் பொறியாளர் சொல்ல வேண்டியதை வாரக் குறிப்பில் எழுதினால் போதும், மாப்பிள்ளை படித்துக்கொள்ளும் என்றார்கள்.

"உனக்கு இதுல என்னம்மா கஷ்டம்? இருபத்திரண்டு நிலையத்துல நிலுவைல நாமதான் கடைசி. ஒண்ணு குறைஞ்சிருக்கு. சந்தோஷப்படு."

"சைரன் ஊதாது சார்."

"ஊதாதுதான். ஏன் முடிச்சாருன்னு கீழ போட்டிருக்கும். சின்னதா ஒரு அம்புக்குறி இருக்கும் பாரு, அமுக்கு."

அமுக்கினாள்.

'மூன்று வாரங்களுக்கு முன் ஒன்பதாம் கதவில் சைரன் இன்றிச் சோதனை மணல் அலசல் நடத்தப்பட்டது. கால் பங்கு திறப்பு, ஐந்து நிமிடம். அவ்வாரக் குறிப்பில் "சிறப்புச் செய்தி ஏதுமில்லை" என்று பொறுப்புப் பொறியாளர் சான்றளித்துள்ளார். ஆகவே சைரன் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டது.'

"எந்தப் பொறியாளர் சார் சான்றளிச்சது?"

"நீதாம்மா. அந்த அறையில வேற யாரு இருக்கா?"

மிருதுளா போனை வைத்தாள். அவள் சான்றளிக்கவில்லை. அவள் எதையுமே எழுதி நான்கு வருடமாகிறது. ஆனால் இதைப் பிரணவ் சாரிடம் சொல்ல முடியாதே!

நடந்தது இதுதான். நான்கு வருடத்துக்கு முன் வாரக் குறிப்பு என்பது ஒரு நாள் முழுவதையும் விழுங்குகிற சனியன். பதினான்கு தலைப்புகள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடல் வற்றுகிற நேரத்தில் பாலத்தின் மேல் நடந்துபோய், பதினொரு அளவுகோல்களையும் கண்ணால் பார்த்து, நோட்டில் குறித்து, திரும்பி வந்து டெர்மினலில் தட்ட வேண்டும். போன வாரம் முடியாத பணிகளைத் திரும்பத் தட்ட வேண்டும். தட்டி முடிப்பதற்குள் ஊழியர் வேன் போய்விடும். பிறகு மெயின் ரோடு வரை நடை. இவ்வளவும் செய்து அனுப்பினால் அதை ஒருவர்கூடப் படிப்பதில்லை. ஒரு தடவை பன்னிரண்டாம் தலைப்பின் கீழ் தக்காளி ரசம் வைக்கும் முறையை எழுதி அனுப்பினாள். 'பெறப்பட்டது, நன்றி' என்று பதில் வந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அளவுகோல்களுக்கு உணர்கருவி பொருத்திய மாதத்தில் உட்கார்ந்து நாற்பது வரியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். வெள்ளிதோறும் காலை எட்டு மணிக்கு அது தானாக எழுந்துகொள்ளும். அந்த வாரத் தேதியில் ஒரு கோப்பு திறக்கும். பதினான்கு தலைப்புகளையும் போடும். அளவுகளை எடுத்து நிரப்பும். போன வாரக் கோப்பிலிருந்து முடியாத பணிகளை இறக்கும். 'சிறப்புச் செய்தி' என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று எழுதும். அனுப்பிவிடும். மிருதுளா வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் வேனைத் தவறவிட்டதில்லை. நாற்பது வரியைப் பற்றி அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

இப்போது அந்த நாற்பது வரியைத் திறந்து படித்தாள். முடியாத பணிகளை இறக்கும் வரி பதினேழாவது. கிரெப் கட்டளை. தொடக்கத்தில் காலிக் கட்டம் இருக்கிற வரியாகப் பார்த்து எடு, மற்றதை விடு. சரியாகத்தான் இருந்தது. வாரா வாரம் 'சைரன் பழுது, மாற்ற வேண்டும்' என்ற வரி கொஞ்சமும் தேயாமல் இறங்கி வந்திருக்கிறது.

முதலில் அதை எந்த வாரம் எழுதினோம் என்று பார்ப்பதற்காக 214 வாரத்துக்கு முந்தைய கோப்பைத் திறந்தாள். அவள் கையால் தட்டிய கடைசிக் குறிப்பு அது.

'[ ] ஒன்பதாம் கதவு சைரன் பழுது, மாற்ற வேண்டும்.
    மாற்றும் வரை மணல் அலசல் வேண்டாம். கதவுக்கு வெளியே ஓடையில் பெண்கள் இறால் தடவுகிறார்கள்.'

இரண்டாவது வரிக்கு முன்னால் கட்டம் இல்லை. மேல்வரிக்கு விளக்கம்தானே என்று நான்கு இடம் தள்ளி எழுதியிருந்தாள். ஸ்கிரிப்ட் அதைத் தொடவே இல்லை. அந்த வரி முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. பணி மட்டும் நான்கு வருடம் நடந்து வந்திருக்கிறது, காரணத்தை வழியிலேயே விட்டுவிட்டு.

அந்த அலசலை அவள் பார்த்திருக்கிறாள். கடல் வற்றுகிற நேரத்தில் கதவைத் திறந்தால் ஏரித் தண்ணீர் மொத்தமும் ஓடை வழியாகப் பாய்ந்து, சேர்ந்த மணலை அடித்துக்கொண்டு போகும். முன்பெல்லாம் சைரன் ஊதிப் பத்து நிமிடம் கழித்துத்தான் திறப்பார்கள். சைரன் போன பிறகு மணலை வார ஒரு படகு வந்தது. போன மாதம் ஒப்பந்தம் முடிந்து படகு போய்விட்டது. மணல் சேர்ந்தால் மாப்பிள்ளை என்ன செய்யும்? பழைய வழக்கத்தை எடுத்துப் பார்க்கும். வேண்டாம் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடும். யாரும் எழுதவில்லை.

இன்றைய பட்டியலைத் திறந்தாள். 'ஒன்பதாம் கதவு. மணல் அலசல். முழுத் திறப்பு, நாற்பது நிமிடம். காலை 10.00.'

மணி ஒன்பது முப்பத்தொன்று.

உடனே குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாம் என்று ஸ்கிரிப்டை ஓட்டினாள். 'இந்த வாரக் குறிப்பு ஏற்கெனவே உள்ளது. வெளியேறுகிறேன்' என்று சொல்லிவிட்டு அது நின்றுவிட்டது. தவறுதலாக இரண்டு தடவை அனுப்பிவிடக் கூடாதே என்று அந்தக் காவலை வைத்தவளும் அவள்தான். "அட அறிவுகெட்ட ஜென்மமே" என்று உரக்கத் திட்டினாள். ஸ்கிரிப்டையா தன்னையா என்று அவளுக்கே தெரியவில்லை. கோப்பை அழித்தாள். கையால் தட்டினாள். அவசரத்தில் 'அலசல் வேண்டாம்' என்பதை மூன்று தடவை திருத்தினாள். அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. 'திருத்தப்பட்ட குறிப்பு பெறப்பட்டது. ஒரே அறிவுறுத்தல் தொடர்ந்து மூன்று வாரங்கள் பதிவானால் விதியாகக் கொள்ளப்படும். நன்றி.'

மறுபடியும் போன். எட்டாவது மணி அடிக்கிற வரைக்கும் மேசையைக் குத்திக்கொண்டு நின்றாள்.

"சார், பத்து மணிக்கு ஒன்பதைத் திறக்கப்போகுது. வெளியில பொம்பளைங்க இருக்காங்க. நிறுத்துங்க சார்!"

"நான் எப்படிம்மா நிறுத்த? அவசர நிறுத்தப் படிவம் இருக்கு, ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்ணு நான் போட்டுடுவேன். இன்னொருத்தர் டெல்லியில கூட்டத்துல இருக்காரு."

"சார், தண்ணி அடிச்சிட்டுப் போயிடும் சார் அவங்களை!"

"அங்க ஆள் இருக்காங்கன்னு எந்த ரெக்கார்டுலயும் இல்லையேம்மா. அவங்க இறங்கவே கூடாதுன்னுதானே போர்டு வெச்சிருக்கோம்."

"போர்டு நட்டு ஆறு வருஷமாச்சு. அவங்க பாட்டன் காலத்துலேருந்து அங்க இறங்கறாங்க. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

பிரணவ் சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மிருதுளா, கேளு. பாலத்துத் தகட்டுக்கு அடியில எடை பார்க்கற ஸ்விட்ச் இருக்கு. மேல ஆள் நின்னா மோட்டார் ஓடாது. அந்தக் காலத்து வேலை, வெறும் கம்பி. மாப்பிள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. போய் நில்லு. கடல் வற்றம் ரெண்டு மணி நேரம்தான், அதுக்குள்ள திறக்கலைன்னா இந்த வாரம் திறக்காது."

"சார்..."

"நான் சொன்னேன்னு எங்கயும் எழுதிடாதே. ஓடு."

ஆணியில் தொங்கிய மஞ்சள் கோட்டை உருவியதில் நான்கு வருடத் தூசி மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டே படியிறங்கி ஓடினாள். நாற்பத்தேழு வயது, முழங்கால் வலி, வேறு யாருக்காவது என்றால் ஆட்டோ பிடித்துக் கொடுத்திருப்பாள். பாலத்தின் இரும்புப் படிகள் ஏறும்போது கைப்பிடியில் இருந்த துரு உள்ளங்கையில் வந்தது. ஐந்தாம் கதவு. ஆறாம் கதவு. கீழே, கதவுக்கு வெளியே, இடுப்பளவுத் தண்ணீரில் தலைகள் தெரிந்தன. எண்ணினாள். பதினொன்று. குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, நெஞ்சின்மேல் அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். கை இரண்டும் சேற்றில் இருந்தால் பறியைப் பிடிக்க வாய்தானே மிச்சம்.

"ஏறுங்க! கரைக்கு ஏறுங்க!" என்று கத்தினாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அவள் குரல் அவள் காதுக்கே வரவில்லை.

ஒன்பதாம் கதவின் தகட்டில் கால் வைத்தபோது அடியில் மோட்டார் ஒரு தடவை உறுமியது. சிவப்பு விளக்கு எரிந்தது. உறுமல் நின்றது. கையிலிருந்த போனில் செய்தி வந்தது. 'பாலத்தில் ஆள் இருப்பதால் அலசல் ஒத்திவைக்கப்பட்டது. மறுமுயற்சி 10.05.'

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது முயற்சி செய்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கால் அடியில் உறுமியது. வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்து வரவில்லை. உட்காரலாம் என்றால் தகடு தோசைக்கல்லாகக் கொதித்தது. இப்படி ஒரு வேலைக்காகவா நாலு வருடம் படித்தோம் என்று மிருதுளா கடலைப் பார்த்து நொந்துகொண்டாள்.

ஆறாவது உறுமலுக்கு ஒரு பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணுக்கு மேலே கையை வைத்து மறுபடி பார்த்தாள். பறியை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரைக் கிழித்தபடி கதவின் அடிக்கு வந்தாள். ரோஜா. சைரன் கெட்டுப்போயிருக்கிறது என்று நான்கு வருடத்துக்கு முன் அலுவலகத்துக்கு நடந்து வந்து சொன்னதே அவள்தான். இப்போது துப்பட்டாவால் வாயை மூடிக் கட்டியிருந்தாள்.

"இன்னாம்மா மஞ்சக்கோட்டு! எங்கம்மா பூட்ட இத்தினி நாளா? உன்னை மாத்திட்டாங்கன்னு நெனச்சிக்கினோம்!"

"இங்கதான் இருக்கேன் ரோஜா. கரைக்கு ஏறுங்க எல்லாரும். கதவு திறக்கப்போகுது."

"நீ மேல நிக்கிறியே, எப்டி தெறக்கும்?"

மிருதுளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"இது தெரியாதா? அந்தச் சங்கு எப்பவும் பாதி நாள் ஊதாதும்மா. அத நம்பியா எறங்குனோம்? வெள்ளிக்கெழம நீ நோட்ட வெச்சிக்கினு மேல நடப்ப. மஞ்சக்கோட்டு மேல கீது, கதவு தெறக்காது, தடவலாம். மஞ்சக்கோட்டு எறங்கிடுச்சா, நாங்களும் கரை ஏறிடுவோம். என் கூட வர்ற பொண்ணுங்க அத்தினி பேருக்கும் நான் சொல்லிக் குடுத்ததே அதான்."

"அப்புறம் நான் வர்றதை நிறுத்தினேனே..."

"அப்பதான் மண்ணு வார்ற படகு வந்துச்சே. படகு நிக்கிற எடத்துல கதவத் தெறப்பாங்களா? அதப் பாத்துக்கினோம். போன மாசம் படகும் பூடுச்சு. உன்னையும் காணோம். எதப் பாத்து எறங்குறதுன்னே தெரியல. வயிறு கேக்குதா? எறங்குனோம்."

கால் அடியில் மறுபடி உறுமல். மிருதுளா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி தண்ணி வந்துச்சா ரோஜா?"

ரோஜா வாயில் கட்டியிருந்த துப்பட்டாவை இறக்கினாள். மேலே நான்கு பல் இல்லை. ஈறு இன்னும் கறுப்பாக வீங்கியிருந்தது.

"பறியக் கடிச்சிக்கினு குனிஞ்சிருந்தேன். தண்ணி பறிய இழுத்துச்சு. இறால் நெறைய இருந்துச்சா, விட மனசு வரல, இன்னும் அழுத்திக் கடிச்சேன். பறியும் பூடுச்சு, பல்லும் பூடுச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபோது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க ஆபீஸாண்ட வந்தேன். ஆளே இல்ல. வெள்ளிக்கெழம நாலே முக்காலுக்கு வேன்ல பூடுறீங்களாமே."

மிருதுளாவுக்கு அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது. உச்சந்தலையிலிருந்து கால்வரை, வெயிலைவிடச் சூடாக, வெட்கம். 'சிறப்புச் செய்தி ஏதுமில்லை.' அவள் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது காலை எட்டு மணிக்கு அது எழுதிவிட்டிருந்தது. தண்ணீர் வந்ததோ அதற்குப் பிறகு.

பன்னிரண்டு மணிக்கு மோட்டார் அடங்கியது. பெண்கள் பறியோடு கரை ஏறிப் போனார்கள். மிருதுளா அறைக்குத் திரும்பி, இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, அந்த நாற்பது வரியையும் அழித்தாள். அழிக்கட்டுமா என்று டெர்மினல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பிறகு பதினான்கு தலைப்புகளையும் கையால் தட்டினாள். 'சிறப்புச் செய்தி' என்ற இடத்தில், மூன்று வாரம் தாமதமாக, ரோஜாவின் பெயரையும் நான்கு பற்களையும் எழுதினாள். பத்து முதல் பன்னிரண்டு வரை பொறுப்புப் பொறியாளர் பாலத்தில் நின்றதால் அலசல் நடக்கவில்லை என்றும் எழுதினாள். அன்றைக்கு வேன் போய்விட்டது. மெயின் ரோடு வரை நடந்தாள்.

அடுத்த வெள்ளியும் நின்றாள், எழுதினாள். அதற்கடுத்த வெள்ளியும் நின்றாள், எழுதினாள். குடையும் ரப்பர் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்துகொண்டன. மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும், விதியாகிவிடும், அலசல் நின்றுவிடும் என்று நாளை எண்ணினாள். படிவத்துக்கு இரண்டாவது கையெழுத்தும் வாங்கித் தருவதாகப் பிரணவ் சார் சொன்னார். டெல்லிக்காரர் இன்னும் கூட்டத்தில்தான் இருந்தார்.

நான்காவது வெள்ளி காலை ஒன்பது ஐந்துக்குத் திரையில் வாழ்த்துச் செய்தி.

'தொடர்ந்து மூன்று வாரங்கள் பதிவான வழக்கம் விதியாக ஏற்கப்பட்டது. ஒன்பதாம் கதவு எச்சரிக்கை ஏற்பாடு: பழுது நீக்கப்பட்டது. வகை: ஊழியர், மஞ்சள் உடை. பெயர்: மிருதுளா. வெள்ளிதோறும் வற்றம் தொடங்கும் நேரத்தில் பாலத்தில் நிற்க வேண்டும். இறங்கிய பின் அலசல் தொடங்கும். எச்சரிக்கை ஏற்பாடு உள்ளதால் "அலசல் வேண்டாம்" என்னும் அறிவுறுத்தல் நீக்கப்பட்டது. செல்லுபடி: மாற்றுச் சைரன் வரும்வரை. மாற்றுச் சைரனுக்கான கோரிக்கை ஏதும் நிலுவையில் இல்லை.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். போன் அடித்தது. எடுத்தாள்.

"என்னம்மா, சைரனைச் சரி பண்ணிட்டியாமே! பட்டியல்ல ஒரு படி மேல வந்துட்டோம்" என்றார் பிரணவ் சார். குரலில் சந்தோஷம் இல்லை. "படிச்சேன்மா. ஏழு மாசத்துக்குள்ள எதாவது செய்யப் பார்க்கறேன்."

"நான் செத்தா என்ன சார் பண்ணும்?"

"பழுதுன்னு எழுதும்."

மிருதுளா போனை வைத்துவிட்டு மேசையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். கை வலித்ததுதான் மிச்சம். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்த வாரக் குறிப்பை இப்போதே தட்டத் தொடங்கினாள். இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு கட்டம்.

'[ ] ஒன்பதாம் கதவுக்குச் சைரன் வேண்டும்.
[ ] வரும்வரை அலசல் வேண்டாம்.
[ ] ஓடையில் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள்.
[ ] நான் சைரன் இல்லை.'

ஜன்னலுக்கு வெளியே கடல் வற்றத் தொடங்கியிருந்தது. கரையில் பெண்கள் பறியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. எல்லோரும் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வர்றேன், வர்றேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே மிருதுளா ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள்.